பழைய லைப்ரரியும் புதிய பைத்தானும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. அதுவரை அது சித்தூர் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஆயினும் எங்கள் சொந்த ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழ்களின் உறைமேல் இன்றும் ‘திருப்பதி, சித்தூர் மாவட்டம்’ என்றே எழுதியிருக்கிறது. எழுதியது பிழைதான். எனினும் அழைப்பிதழ் என் விடுதிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. 517501 என்னும் பின்கோடு மாறவில்லை. தபால்காரரும் பழைய பெயரை மறக்கவில்லை.

இவ்வாறு பழையதைப் பொறுத்துக்கொள்ளும் காலம் ஒன்று எந்த மாற்றத்திற்கும் உண்டு. அந்தக் காலம் முடிந்தபின் கடிதம் திரும்பி வரும். திரும்பி வந்தாலும் நல்லதே. வழியில் எங்கோ தொலைந்துபோக, அது சேர்ந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதுதான் கேடு.

நண்பர்களே, கணினி நிரல்களுக்கும் இந்த மூன்று நிலைகளும் உண்டு. பழைய லைப்ரரி ஒன்றைப் புதிய பைத்தானில் ஓட்ட முயன்று, மூன்றையும் நான் சென்ற ஆண்டு நேரில் கண்டேன். மூன்றாம் நிலையில் என் ஆய்வேடே பொய்யாகிப் போக இருந்தது. நம்முள் பலர் இயற்பியல், புள்ளியியல், தாவரவியல், புவியியல் என்று எந்தத் துறையில் படித்தாலும் இன்று பைத்தானைத் தொடாமல் ஆய்வேடு எழுதுவதில்லை. ஆதலின் நான் பட்டதை நீங்கள் படாதிருக்க, நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட ஆய்வு

என் தந்தையார் குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்தவர். மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் எடை போடும் வேலை பார்க்கிறார். சித்தூர்ப் பக்கத்து மாவிவசாயிகளின் வாழ்வு பெரும்பாலும் தோத்தாபுரி என்னும் வகையைச் சார்ந்தது. நம் பக்கத்தில் கிளிமூக்கு மாங்காய் என்போமே, அதுதான். மார்கழி, தை, மாசியில் மரம் பூக்கும். கோடை முதிர்ந்ததும் லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். பூத்திருக்கும்போது மழை பெய்தால் பூ உதிரும். எஞ்சிய பூவில் நோய் பற்றும். விளைச்சல் குறைந்த ஆண்டில் ஆலையில் வேலை நாளும் குறையும். எங்கள் வீட்டில் செலவும் சுருங்கும். இதைச் சிறுவயது முதல் கண்டவள் ஆதலால், பூக்கும் பருவத்து மழை கடந்த ஆண்டுகளில் எவ்வாறு மாறியிருக்கிறது என்பதையே எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

மழைத் தரவை வெளிநாட்டு நிலையம் ஒன்று இணையம் வழியே இலவசமாகத் தருகிறது. எனக்கு முன் படித்த அண்ணன் ஒருவர் அத்தரவைப் பெற 2019இல் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். 2019 முடிய அவர் இறக்கிய தரவும் கோப்பாக இருந்தது. 2020 முதலான தரவை நான் இறக்கிச் சேர்த்தால் போதும். அவர் எழுதியது பைத்தான் 3.6 பதிப்பில்; எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது இருப்பது 3.12. ‘எண்ணில் கொஞ்சம் வேறுபாடு, அதனால் என்ன?’ என்று எண்ணினேன்.

ஏபிஐ என்பது யாது? கிளையண்ட் என்பது யார்?

மேலே செல்லுமுன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு சாளரம் இருக்கிறது. அங்கே எந்தப் படிவத்தில் கேட்க வேண்டும், எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று விதி உண்டு. விதிப்படி கேட்டால் கேட்டது கிடைக்கும். உள்ளே எத்தனை அலமாரி, எத்தனை குமாஸ்தா என்பது நமக்கு வேண்டாத செய்தி. இணையத்தில் ஒரு நிலையம் மற்ற நிரல்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் இத்தகைய சாளரமே ஏபிஐ.

அலுவலக வாசலில் மரநிழலில் ஒருவர் மனு எழுதித் தருவார். எந்தப் படிவம், எத்தனை ரூபாய் வில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ‘இன்ன சான்றிதழ் வேண்டும் ஐயா’ என்று சொன்னால் போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். நம் நிரலுக்கும் ஏபிஐக்கும் நடுவே அமர்ந்து இந்த வேலையைச் செய்வதே கிளையண்ட் லைப்ரரி.

இப்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். மனு எழுதுபவருக்கு வயதாகிவிட்டது. பத்தாண்டுக்கு முந்திய விதிகளே அவருக்குத் தெரியும். அவர் எழுதும் மனு மூன்று இடங்களில் தடைப்படலாம். அவர் எழுதும் மொழியின் விதி மாறியிருக்கலாம். அவர் தாள், வில்லை வாங்கும் கடையில் சரக்கு மாறியிருக்கலாம். சாளரத்தின் உள்ளே படிவமே மாறியிருக்கலாம். பழைய லைப்ரரி புதிய பைத்தானில் தடுக்கி விழும் இடங்களும் இவையே: மொழி, துணை லைப்ரரிகள், சர்வர். எந்த இடத்தில் விழுந்தது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

மொழியின் எல்லை

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ராசம். அது 1991இல் முதன்முதல் வெளிவந்தது. 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு பழைய நிரல்கள் பலவற்றை ஓடாமல் செய்தது. அதனால் இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் பல்லாண்டு அருகருகே வழங்கின. 2020 ஜனவரி 1ஆம் நாளோடு இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது. இப்போது ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆயுள்.

எல்லை மாறுவது நாம் படிக்கும் இந்த மண்ணுக்குப் புதிதன்று. வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்த தாலுக்காக்களைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி இங்கிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஒவ்வொரு முறையும் பழைய முகவரிகள் சிலகாலம் செல்லுபடியாயின, பிறகு செல்லவில்லை. பைத்தானும் அவ்வாறே முன்னறிவித்துத்தான் மாற்றுகிறது. அறிவிப்பை நாம் படிப்பதில்லை என்பதே குறை.

என் நிரலை ஓட்டியதும் முதலில் வந்தது இலக்கணப் பிழை. ‘ஏசிங்க்’ என்ற சொல்லைப் பழைய லைப்ரரி தன் செயற்கூறு ஒன்றில் சாதாரணப் பெயராகப் பயன்படுத்தியிருந்தது. ஒரு வேலை முடியக் காத்திராமல் அடுத்த வேலையைத் தொடங்குவதைக் குறிக்கும் சொல் அது. 2015இல் வந்த 3.5 பதிப்பில் இச்சொல்லுக்குச் சிறப்புப் பொருள் தரப்பட்டது. 3.6இல் எச்சரிக்கை வந்தது. 2018 ஜூனில் வந்த 3.7இல் அது மொழிக்கே உரிய ஒதுக்கப்பட்ட சொல்லாயிற்று. அதன்பின் அதை வேறு எதற்கும் பெயராக வைக்க இயலாது. ‘இஃப்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்க முடியாதது போலத்தான்.

இதில் அடிபட்டது நான் பயன்படுத்திய லைப்ரரி மட்டுமன்று. ட்விட்டரின் ஏபிஐயைப் பயன்படுத்த உலகெங்கும் பலர் கையாண்ட ட்வீப்பி என்னும் லைப்ரரியும் இதே சொல்லைப் பெயராக வைத்திருந்தது. பைத்தான் 3.7 வந்ததும் அதை இறக்குமதி செய்த வரியிலேயே நிரல்கள் நின்றுபோயின. 2018இன் இறுதியில் வந்த ட்வீப்பி 3.7.0 அப்பெயரை ‘இஸ் ஏசிங்க்’ என்று மாற்றியது. நிரல்கள் மீண்டும் ஓடின. லைப்ரரியின் எண்ணும் 3.7, பைத்தானின் எண்ணும் 3.7, இது தற்செயல். ஒன்றை மற்றதாக எண்ணிக் குழம்பாதீர்கள்.

நான் லைப்ரரியின் கோப்பையே திறந்து அச்சொல்லை மாற்றினேன். உடனே இரண்டாவது பிழை வந்தது. ‘கலெக்‌ஷன்ஸ்’ என்னும் தொகுதியில் ‘மேப்பிங்’ இல்லை என்றது. முன்பு அது அங்கேதான் இருந்தது. 2012இல் வந்த 3.3 பதிப்பில் அதை ‘கலெக்‌ஷன்ஸ் ஏபிசி’ என்னும் உள்தொகுதிக்கு மாற்றினார்கள். பழைய முகவரிக்கு வந்தவர்களையும் ஒன்பதாண்டு காலம் புதிய வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். 2021 அக்டோபரில் வந்த 3.10இல் அந்த ஏற்பாடு முடிந்தது. திருமண அழைப்பிதழ் திரும்பி வந்த நிலை இது. இதையும் நானே கோப்பில் திருத்தினேன். இரண்டு பிழையையும் வென்றுவிட்டேன் என்று கொஞ்சம் செருக்கும் வந்தது.

துணை லைப்ரரிகளின் எல்லை

மூன்றாவது பிழை மொழியைச் சார்ந்ததன்று. இணையத்தில் கேட்டுப் பெறும் அடிப்படை வேலையைப் பெரும்பாலான கிளையண்ட் லைப்ரரிகள் தாமே செய்வதில்லை. யுஆர்எல்லிப்3 போன்ற வேறு லைப்ரரிகளை நம்பியிருக்கின்றன. என் லைப்ரரி ‘யுஆர்எல்லிப்3 வேண்டும்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தது. எந்தப் பதிப்பு என்று எழுதவில்லை. அதனால் பிப் கருவி இருப்பதில் புதியதைக் கொண்டுவந்தது. 2023இல் வந்த அதன் இரண்டாம் பெரும்பதிப்பில், பழையவர்கள் ‘மெதட் வைட்லிஸ்ட்’ என்று அழைத்த ஒன்று இல்லை. ‘அலவுட் மெதட்ஸ்’ என்ற புதிய பெயரே செல்லும்.

‘அப்படியானால் மிகப் பழைய யுஆர்எல்லிப்3ஐப் போடலாமே’ எனலாம். போட்டால் 3.12 பைத்தானில் அதுவே ஓடாது. அதனுள் பொதிந்திருந்த சிக்ஸ் என்னும் சிறு லைப்ரரி நம்பியிருந்த பழைய வழியை 3.12 எடுத்துவிட்டது. இடையிலுள்ள 1.26 வரிசையின் கடைசிப் பதிப்புகளே இரு பக்கமும் ஒத்துப்போகும். பழைய பெயரை எச்சரிக்கையோடு ஏற்கும். புதிய பைத்தானிலும் ஓடும். ‘யுஆர்எல்லிப்3, இரண்டுக்குக் கீழ்’ என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

இதை இன்று எளிதாக எழுதுகிறேன். அன்று எனக்கு இது தெரியாது. இரவு மணி ஒன்று. ஆய்வேடு கொடுக்கப் பதினெட்டு நாளே இருந்தது. திரை நிறையப் பிழைச்செய்தி. அதைப் படிக்கப் பொறுமையின்றி, தரவு கேட்கும் வரியைச் சுற்றி நான் ஒரு வேலி போட்டேன்: ‘பிழை வந்தால் பொருட்படுத்தாதே, மழை சுழியம் என்று எழுதிக்கொண்டு அடுத்த மாதத்துக்குப் போ’. நிரல் ஒரு முணுமுணுப்பும் இன்றி ஓடி முடிந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

தந்தையார் கேட்ட கேள்வி

மறுநாள் வரைபடம் போட்டேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாத மழையை மட்டும் ஆண்டுவாரியாகக் குறித்தேன். 2019 வரை ஏற்ற இறக்கமாகப் போன கோடு 2020 முதல் தரையோடு படுத்துவிட்டது. இந்தப் பக்கத்தில் தை, மாசியில் மழை குறைவுதான். ஆகவே எனக்கு ஐயம் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமன்று, ‘அண்மைக்காலத்தில் பூக்கும் பருவத்து மழை அறவே நின்றுவிட்டது’ என்று ஒரு முடிவும், அதற்குக் காரணமாகப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கமும் எழுதிவிட்டேன். வகுப்புத் தோழியர் படித்துப் பாராட்டினர்.

அந்த வாரக் கடைசியில் சித்தூருக்குப் போனேன். தந்தையார் ஓய்வாக இருந்தார். மடிக்கணினியில் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார்.

“இந்தக் கோடு என்னம்மா, கீழேயே கிடக்குது?”

“அஞ்சு வருஷமா பூப் பூக்கிற சமயத்துல மழையே இல்லப்பா. அதைத்தான் கண்டுபிடிச்சிருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. “இந்த அஞ்சு வருஷத்துலதானே ஒரு தடவை பொங்கலுக்கு முன்னாடி மழை ஊத்துச்சு? பூவெல்லாம் கொட்டிப்போய் அந்த வருஷம் ஆலைக்குச் சரக்கே சரியா வரலை. நீ கூட அப்போ பீஸ் கட்ட ஒரு மாசம் தவணை கேட்டியே, மறந்துட்டியா?”

எனக்குச் சுருக்கென்றது. மறக்கவில்லை, ஆனால் அந்த நினைவையும் இந்தக் கோட்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கணினி சொன்னதை நம்பினேன். நானே பட்டதை நம்பவில்லை.

அன்றிரவே நிரலைத் திறந்து, மூன்று மாதங்களை விட்டுவிட்டு வேறொரு மாதத்தை எடுத்தேன்: 2021 நவம்பர். அம்மாதத்தை இங்கே இருந்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின. சுவர்ணமுகியில் வெள்ளம் புரண்டது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களை வெளியேற்றினார்கள். அந்த நவம்பருக்கு என் கோப்பில் இருந்த மழை அளவு, சுழியம்.

பேசாத பிழை

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நிரல் நின்றுபோவது தீங்கன்று. அது நம்மைக் கூவி அழைத்து, ‘இங்கே ஒன்று சரியில்லை’ என்று சொல்லும் உதவி. முதல் இரண்டு பிழைகள் எனக்கு அந்த உதவியைச் செய்தன. மூன்றாவதன் வாயை நான் அடைத்தேன். அடைத்த பிழை போய்விடவில்லை. உருமாறி என் முடிவுக்குள் புகுந்துகொண்டது. மழை இல்லை என்பதும், மழை பற்றிய செய்தி இல்லை என்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே சுழியத்தை எழுதியது பைத்தானும் அன்று, லைப்ரரியும் அன்று; நானே.

இத்தகைய மௌனப் பிழைகள் என் கைவேலையால் மட்டும் வருவதில்லை. இரண்டாம் பதிப்புப் பைத்தானில் ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டு. மூன்றாம் பதிப்பில் இரண்டரை. பழைய நிரல் புதிய பதிப்பில் சில இடங்களில் தடையின்றி ஓடும். விடை மட்டும் வேறாகும். ஓடுகிறது என்பதனாலேயே ஒரு நிரல் சரியாகிவிடாது என்பதற்கு இது ஒன்றே சான்று.

சர்வர் பக்கமும் மாற்றம் வரும் என்பதை மறக்கலாகாது. பருவநிலை ஆய்வாளர்கள் பெரிதும் நம்பும் ஐரோப்பியக் கோப்பர்நிக்கஸ் தரவகம் 2024இல் புதிய அமைப்புக்கு மாறியது; அவ்வாண்டு செப்டம்பரில் பழைய அமைப்பை மூடியது. கேட்கும் முகவரியும் அடையாளச் சாவியை எழுதும் முறையும் மாறின. கிளையண்டின் புதிய பதிப்பும் தேவையாயிற்று. ட்விட்டர் நிறுவனமும் 2023இல் பழைய இலவச ஏபிஐ வழியை மூடியது. இத்தகைய இடங்களில் பைத்தானைப் பழைய பதிப்புக்கு இறக்கிப் பயனில்லை. சாளரமே இடம் மாறிய பின் பழைய மனுவை எத்தனை அழகாக எழுதி என்ன?

செய்ய வேண்டுவன

என் தவற்றைத் திருத்திய வழியையே இங்கு முறைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, பிழைச்செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். அது என்ன பிழை என்று சொல்லும். அதற்குச் சற்று மேலே உள்ள வரி எந்தக் கோப்பில் என்று சொல்லும். அக்கோப்பு உங்களுடையதா, லைப்ரரியுடையதா, அது நம்பியிருக்கும் இன்னொன்றினுடையதா என்று பாருங்கள். சர்வர் திருப்பி அனுப்பியது என்றால் பெரும்பாலும் 401, 404, 410 போன்ற எண் கூடவே வரும். இவ்வளவில் மூன்று எல்லைகளில் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, லைப்ரரிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். ட்வீப்பியைப் போல, நமக்கு வந்த பிழையை முன்பே யாரோ திருத்தியிருப்பார்கள். புதியதை ஏற்குமுன் அதன் மாற்றக் குறிப்பைப் படியுங்கள். நான் செய்தது போல லைப்ரரியின் கோப்பை நேரே திருத்தாதீர்கள். அடுத்த முறை நிறுவும்போது அத்திருத்தம் அழிந்துபோகும். வேறொருவர் கணினியில் அது இருக்கவே இருக்காது.

மூன்றாவது, பழையதற்கு ஒரு தனி அறை கொடுங்கள். வென்வ் என்னும் வசதி ஒவ்வோர் ஆய்வுக்கும் தனித்தனி லைப்ரரித் தொகுப்பு வைத்துக்கொள்ள உதவும். பைத்தான் பதிப்பே வேறாக வேண்டுமானால் கொண்டா என்னும் கருவி உண்டு. பெயருக்கேற்பக் கேட்டதைக் கொண்டாந்து கொடுக்கும் என்று தோழி ஒருத்தி வேடிக்கையாகச் சொல்வாள். நான் அதைக்கொண்டு 3.6 பைத்தானில் ஓர் அறை அமைத்து, அண்ணனுடைய நிரலை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓட்டினேன். 2018, 2019ஆம் ஆண்டுகளுக்கு அவர் கோப்பிலிருந்த எண்களே மீண்டும் வந்தன. சாளரம் மாறவில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் இந்த அறை ஒப்புநோக்குவதற்கு மட்டுமே. 3.6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021 டிசம்பரோடு நின்றுவிட்டன. அதிலேயே நிரந்தரமாகக் குடியிருத்தல் தகாது.

நான்காவது, கைவிடப்பட்ட லைப்ரரியானால் அதைவிட்டு நீங்கலாமா என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி: இந்த அட்சரேகை, இந்தத் தீர்க்கரேகை, இந்த மாதம், மழை எவ்வளவு? மனு எழுதுபவர் இல்லாமலே நாமே சாளரத்தில் கேட்கலாம். நிலையத்தின் விளக்கப் பக்கத்தைப் படித்து, ரிக்வெஸ்ட்ஸ் என்னும் நன்கு பேணப்படும் லைப்ரரியைக்கொண்டு நாற்பது வரியில் நானே எழுதினேன். பல செயல்களுக்குப் பயன்படும் பெரிய லைப்ரரியானால் இது ஆகாது. சிறு தேவைக்கு இதுவே நல்வழி.

ஐந்தாவது, விடை தெரிந்த கணக்கை முதலில் போடுங்கள். எனக்கு 2021 நவம்பர் இருந்தது. உங்கள் ஆய்விலும் யாவரும் அறிந்த ஒரு நாள், ஒரு மாதிரி, ஓர் அளவு இருக்கும். நிரல் அதைச் சரியாகச் சொன்ன பிறகே தெரியாததை அதனிடம் கேளுங்கள். இல்லாத தரவுக்கு ஒருபோதும் சுழியம் எழுதாதீர்கள். ‘இல்லை’ என்றே எழுதுங்கள். பிழையைப் பிடிக்கத்தான் வேண்டுமானால் இன்ன பிழை என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள். வந்ததையெல்லாம் விழுங்கும் வேலி வேண்டாம்.

ஆறாவது, எச்சரிக்கைகளைப் படியுங்கள். பைத்தான் இயல்பாகப் பல எச்சரிக்கைகளை மறைத்தே வைக்கிறது. ஓட்டும்போது எச்சரிக்கைகளையெல்லாம் காட்டச் சொல்லும் விருப்பம் உண்டு. மாதம் ஒருமுறை அதைப் போட்டு ஓட்டினால், அடுத்த பதிப்பில் எது போகப்போகிறது என்று இன்றே தெரியும்.

இறுதியாக

புதிய நிரலும் 3.6 அறையில் ஓடிய பழைய நிரலும் ஒரே எண்ணைத் தந்தபின் வரைபடத்தை மீண்டும் போட்டேன். 2021 நவம்பரின் கோடு தாளின் மேல்விளிம்பைத் தொட்டது. தரையோடு கிடந்த பூக்கும் பருவக் கோடும் எழுந்து நின்றது. தந்தையார் சொன்ன அந்தப் பொங்கல் மழையும் அதில் இருந்தது. ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்தேன். பாராட்டிய தோழியரிடம் போய், ‘நான் காட்டியது தவறு’ என்று சொன்னேன். வழிகாட்டி ஆசிரியரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, “இதையும் ஆய்வேட்டில் ஒரு பத்தியாக எழுதுங்கள்” என்றார். எழுதினேன். ஏட்டின் முடிவு முன்போல் கவர்ச்சியாக இல்லை. மழை நின்றுவிடவில்லை; சில ஆண்டு வருகிறது, சில ஆண்டு வருவதில்லை என்பதே அது. ஆனால் அது சித்தூரில் பெய்த மழை.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஒரு சிறு பட்டியல் இருக்கிறது: பைத்தான் இன்ன பதிப்பு, ஒவ்வொரு லைப்ரரியும் இன்ன பதிப்பு, தரவு கேட்ட நாள் இன்னது. பிப் கருவியில் ஒரு கட்டளை இட்டால் பதிப்பெண்கள் தாமே வந்துவிடும். ஒரு நிமிட வேலை. அண்ணன் அதைச் செய்திருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு முன்னிருந்தவர் யாரும் அவருக்குச் செய்து காட்டவில்லை. நமக்குப்பின் வரும் தம்பி தங்கையர் நம் நிரலைத் திறக்கும்போது பைத்தானின் எண் இன்னும் கூடியிருக்கும். அப்போதும் நம் கடிதம் சரியான வீட்டில் சேர வேண்டுமானால், முகவரியை இன்றே முழுமையாக எழுதி வைப்போம்.